அடுக்கு வில்லில் பொருட்குறை: எதை விடலாம், எதைத் திருத்தலாம், எதை ஒதுக்க வேண்டும்

கையால் வில் செய்பவரிடம் வந்து சேரும் பொருளில் முழுக்கச் சுத்தமானது என்று எதுவும் இருக்காது. ஃபைபர் (கண்ணாடியிழை) பட்டையில் ஒரு வெள்ளைத் திட்டு, மூங்கிலில் கணு, மரத் தகட்டில் ஊசிமுனை ஓட்டை, ரைசர் (வில்லின் நடுவே கைப்பிடி வரும் தடித்த பகுதி) கட்டையின் தலைப்பில் வெடிப்பு. இவற்றைப் பார்த்ததும் சிலர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் பசை போட்டால் சரியாகிவிடும் என்று எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. ஒரு பழுது வில்லை உடைக்குமா என்பதை மூன்று கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. அது வில்லின் நீளத்தில் எங்கே விழுகிறது? எந்த அடுக்கில் இருக்கிறது? நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா?

இங்கே சொல்லும் அளவுகள் 66 அங்குல நீளம், 28 அங்குல இழுப்பு, 40 முதல் 50 பவுண்டு இழுவிசை கொண்ட நீள்வில்லுக்கானவை. அடுக்கு இப்படி: இலக்கைப் பார்க்கும் முகத்தில் (முதுகு) 1 மி.மீ. ஃபைபர் பட்டை, நடுவில் மூன்று மரத் தகடுகள், வில்லாளியைப் பார்க்கும் முகத்தில் (வயிறு) இன்னொரு 1 மி.மீ. ஃபைபர் பட்டை. ரைசர் அருகே மொத்தத் தடிமன் ஏறத்தாழ 9.5 மி.மீ. வரும். லிம்பின் (ரைசருக்கு மேலும் கீழும் வளையும் கை) அகலம் 35 மி.மீ.யில் தொடங்கி நுனியில் 12 மி.மீ. ஆகக் குறுகும்.

நாணை இழுக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. அந்த இரண்டு சுமையையும் பெரும்பாலும் ஃபைபர்தான் தாங்குகிறது. நடுவில் இருக்கும் மரம் வளைவைத் தாங்குவதைவிட, மேலும் கீழும் உள்ள பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் வேலையைத்தான் செய்கிறது. நீளத்தில் பார்த்தால், ரைசர் மெலிந்து முடியும் இடத்திலிருந்து லிம்பின் நடுப்பகுதி வரைதான் சுமை அதிகம். நுனியிலிருந்து 15 செ.மீ. வரை சுமை மிகக் குறைவு. ரைசருக்கு அடியில் உள்ள பகுதி வளைவதே இல்லை.

பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைப் பார்க்கலாம். ஒரே மரத்தில் செதுக்கிய வில் என்றால் முதுகில் ஒரு கணு வந்தாலே பயந்து பயந்துதான் செதுக்க வேண்டும், அதை வேறெங்கும் நகர்த்த வழியில்லை. அடுக்கு வில்லில் அந்த வழி இருக்கிறது. தகட்டைத் திருப்பலாம், முன்பின் மாற்றலாம், பழுதை ரைசருக்கு அடியில் தள்ளலாம். பாதி வேலை ஒட்டுவதற்கு முன் மேசைமேல் வைத்து அடுக்கிப் பார்ப்பதுதான்.

ஃபைபர் பட்டையைச் சோதிப்பது

முதலில், எது ஃபைபர் பட்டை இல்லை என்பது. தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு செய்யும் கடைகளில் கிடைக்கும் வெட்டிழைப் பாயும் பாலியெஸ்டர் ரெசினும் வில்லுக்கு ஆகாது. அதில் இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கும், ரெசினும் நொறுங்கும் தன்மை கொண்டது. இழைகள் அனைத்தும் நீளவாக்கில் மட்டும் ஓடும், எபாக்சியில் ஊறிய, வில்லுக்கென்றே செய்த பட்டைதான் வேண்டும். ஒரு முகம் வழவழப்பாகவும் மறுமுகம் ஒட்டுவதற்காகத் தேய்த்துச் சொரசொரப்பாகவும் இருக்கும்.

கூரியரில் பட்டை சுருட்டப்பட்டு வரும். கட்டை அவிழ்க்கும்போது வில் மாதிரி எகிறும். இரண்டு பேர், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். அவிழ்த்த பிறகு நிழலில் சமதளத்தில் இரண்டு நாள் கிடத்தி வையுங்கள். பிறகு டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இறுக்கமாகச் சுருட்டப்பட்டதால் வந்த பழுது குறுக்கே ஓடும் மெல்லிய வெள்ளை மயிரிழைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் இழைகள் ஏற்கெனவே முறிந்துவிட்டன. அது நுனியின் கடைசி 15 செ.மீ.யில் விழுந்தாலும் அந்தப் பட்டையை வில்லுக்கு எடுக்க வேண்டாம். சோதனைத் துண்டுகளுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

நீளவாக்கில் ஓடும் வெள்ளைத் திட்டு வேறு சங்கதி. அது ரெசின் சரியாக ஊறாத இடம், இழை முறியவில்லை. இதில் எந்த முகத்தில் வைக்கிறோம் என்பது முக்கியம். நசுங்கும்போது இழை வளைந்து ஒடியாமல் இருக்க, சுற்றியுள்ள ரெசின்தான் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் ரெசின் குறைந்த பட்டையை வயிற்றில் வைக்கக் கூடாது. முதுகில் வைக்கலாம், திட்டு 2 மி.மீ. அகலத்துக்கு மேல் போகாமல் இருந்தால்.

இழை சாய்ந்து ஓடும் பட்டை இதற்கு நேர்மாறு. இழைகள் விளிம்பில் வெளியே வந்து முடிகிற இடத்தில், முதுகாக இருந்தால், இழுவிசை அந்த முனையைக் கிளப்பிச் சிலாம்பாக எழுப்பிவிடும். வயிற்றில் அது அவ்வளவு எளிதில் எழாது. சாய்வை அறிய, பட்டையின் தலைப்பில் கத்தி முனையால் ஓர் இழைக்கற்றையைக் கிளப்பி மெதுவாக உரியுங்கள். அது ஓடும் போக்குதான் உண்மையான திசை. அதையொட்டி மார்க்கரால் கோடு போட்டு, 1 மீட்டர் நீளத்துக்கு விளிம்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கவும். 5 மி.மீ. வரை விலகினால் கவலையில்லை. பட்டை 50 மி.மீ. அகலம், வில்லுக்குத் தேவை 35 மி.மீ. மிச்சமுள்ள அகலத்துக்குள் வில்லின் நடுக்கோட்டைப் பட்டை விளிம்புக்கு இணையாகப் போடாமல் இழைக்கு இணையாகப் போட்டுவிடலாம். 10 மி.மீ.க்கு மேல் என்றால் ஒதுக்கவும்.

கீறலுக்கும் இதே கணக்கு. நீளவாக்குக் கீறல் 320 எண் உப்புத்தாளில் நீளவாக்கில் தேய்த்தால் போய்விடும். குறுக்குக் கீறலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்த இடம் ரைசருக்கு அடியிலோ நுனியிலோதான் விழ வேண்டும். நகம் மாட்டாத குறுக்குக் கீறலை வயிற்றுப் பக்கம் வைத்து, நீளவாக்கில் தேய்த்து மட்டமாக்கலாம். தேய்க்கும்போது குறுக்கே ஓர் இழுப்புக்கூட வேண்டாம். பழைய கீறலை எடுக்கப் போய்ப் புதிதாக நூறு கீறல் போட்ட கதையாகிவிடும்.

தடிமனை மைக்ரோமீட்டரில் 10 செ.மீ.க்கு ஒரு முறை, இரண்டு விளிம்பிலும் அளந்து பட்டைமேலேயே எழுதுங்கள். ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். இதைச் சரிசெய்ய ஃபைபரைத் தேய்த்து மெலிய வைக்கப் பார்க்காதீர்கள். ஃபைபரின் ஒவ்வொரு இழையும் சுமை தாங்குவது. நடு மரத் தகட்டை ஃபைபர் தடித்திருக்கும் அதே பக்கத்தில் அந்த அளவு தேய்த்து ஈடுகட்டுவதுதான் முறை. முதுகுப் பட்டையில் தடித்த விளிம்பு இடப்பக்கம் என்றால், வயிற்றுப் பட்டையின் தடித்த விளிம்பை வலப்பக்கம் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தடிமன் இழுவிசையை எவ்வளவு மாற்றும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 10 மி.மீ. அடுக்கில் 0.1 மி.மீ. கூடினால் 3 சதவீதம், அதாவது 45 பவுண்டு வில்லில் ஏறக்குறைய 1.4 பவுண்டு. அகலம் அப்படியில்லை, 10 சதவீதம் அகலம் குறைத்தால் 10 சதவீதம்தான் குறையும். பின்னால் இழுவிசையைத் திருத்த நேர்ந்தால் அகலத்தைத் தொடுவதே பாதுகாப்பு.

ஒட்டும் முகம்

ஒட்டு விட்டுப்போன வில்களில் பசையைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றம் முகத்தில்தான். அச்சிலிருந்து பட்டை எளிதில் கழன்று வருவதற்காகச் சேர்க்கும் மெழுகுத் தன்மையுள்ள பொருள், கைரேகை எண்ணெய், கம்ப்ரசர் காற்றோடு வந்த எண்ணெய்த் துளி எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் காட்டிக்கொடுக்கும். சொரசொரப்பான முகத்தில் சுத்தமான தண்ணீர் சில சொட்டு விட்டு விரலால் பரப்புங்கள். தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி அப்படியே நின்றால் முகம் சுத்தம். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது.

எண்ணெய் இருந்தால் முதலில் அசிட்டோனில் துடைக்கவும், பிறகு 80 எண் உப்புத்தாளை மட்டமான பலகையில் ஒட்டி நீளவாக்கில் தேய்க்கவும், மறுபடி அசிட்டோன். இந்த வரிசை முக்கியம். துடைக்காமல் தேய்த்தால் எண்ணெயை உள்ளே அழுத்தித் தேய்த்தது போலாகும். பெயின்ட் கடையில் சில்லறையாகக் கிடைக்கும் தின்னர் வேண்டாம். அது பல கரைப்பான்களின் கலவை, காய்ந்த பிறகு பிசுக்கு விடக்கூடியது. வெள்ளைத் துணியில் கறை வராத வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அதன்பின் வெறுங்கை படாமல் வையுங்கள்.

புதிதாக வாங்கிய ஒவ்வொரு பட்டைக்கும், புது டப்பா பசைக்கும் ஒரு சோதனை உண்டு. 10 செ.மீ. ஃபைபர் துண்டை அதே மரத் துண்டில் ஒட்டி, வில்லுக்குக் கொடுக்கும் அதே சூட்டைக் கொடுத்து, ஒரு நாள் கழித்து உளியை ஒட்டில் வைத்துப் பிளக்கவும். ஃபைபரின் முகம் முழுக்க மர நார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டு நல்ல ஒட்டு. ஃபைபர் பளபளவென்று வெறுமையாகக் கழன்று வந்தால் முகம் சரியில்லை. பசை இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிந்து வந்தால் கலவை விகிதம் அல்லது சூடு சரியில்லை. பத்து நிமிட வேலை, ஒரு வில்லைக் காப்பாற்றும்.

நடுத் தகடுகள்: மூங்கிலும் மரமும்

ஜவ்வாது மலைப் பக்கத்துக் கல் மூங்கில் நடுத் தகட்டுக்கு அருமையான பொருள். காப்புக் காட்டில் அனுமதியின்றி வெட்டக் கூடாது. பட்டா நிலத்தில் வளர்ந்ததையோ மூங்கில் மண்டியிலோ வாங்குங்கள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து 2017-ஆம் ஆண்டு வனச் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது.

மூங்கிலின் பெரிய எதிரி உளுப்பு. தண்டில் மாவுச்சத்து இருக்கும் வரை பூச்சி வரும். வெட்டுத் தலைப்பில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும். அப்படி மாறினால் இன்னும் சில வாரம் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, மறுபடி சோதிக்கவும். தட்டினால் மாவு உதிரும் மூங்கிலைத் தொடவே வேண்டாம். வெளியே தெரியும் ஓட்டை ஒன்று என்றால் உள்ளே பாதை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரியாது. பூச்சி வெளியேறிப் பழசாகிப்போன ஒற்றை ஊசித்துளை, உள்ளே மாவு இல்லாமல், நடுத் தகட்டில் இருந்தால் எபாக்சியும் மரத்தூளும் கலந்து அடைத்து ரைசர் பக்கம் வைக்கலாம்.

கணுக்கள் பக்கத்துத் தகட்டின் கணுவோடு ஒரே இடத்தில் விழக் கூடாது. குறைந்தது 5 செ.மீ. தள்ளி வரட்டும். ரைசர் மெலிந்து முடியும் இடத்தில் கணுவே வேண்டாம்.

மரத் தகடு என்றால் நார் நேராக ஓடும் மரமாகத் தேடுங்கள். மரக்கடைகளில் கிடைக்கும் இறக்குமதி பீச், ஆஷ், மேப்பிள் எல்லாம் சரிவரும். ஃபைபர் மேலே இருப்பதால் கொஞ்சம் நார்ச் சாய்வு, 3 மி.மீ.க்குக் குறைந்த உயிருள்ள கணு (சுற்றியுள்ள மரத்தோடு பிடிப்பாக இருப்பது) ஆகியவை நடுத் தகட்டில் தொல்லை தராது. ஆனால் நீளவாக்கு வெடிப்பு தொல்லைதான், பார்க்கச் சின்னதாக இருந்தாலும். நடு அடுக்கின் வேலையே வழுக்கலைத் தடுப்பது. வெடித்த தகடு அங்கேயே பிரிந்து, லிம்பை முறுக்க விடும். வெடிப்பின் முனை தெரிய, தகட்டை லேசாக முறுக்கிக்கொண்டே வெளிச்சத்தில் பாருங்கள். முனையைத் தாண்டி 5 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் போதிய நீளம் இருந்தால் பயன்படுத்துங்கள்.

ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் மரத்தின் ஈரம் ஏறிவிடும், சித்திரையில் இறங்கும். ஒட்டும்போது 7 முதல் 9 சதவீதம் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டாலும் அளக்கலாம். அதே தகட்டில் வெட்டிய துண்டை 0.1 கிராம் தராசில் நிறுத்து, அடுப்பில் 103 டிகிரியில் எடை இனிக் குறையாது என்னும் வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்கவும். 54 கிராம் துண்டு 50 கிராமில் நின்றால், போன 4 கிராமை 50-ஆல் வகுத்தால் 8 சதவீதம். அதிகமாக இருந்தால் தகடுகளைச் சூட்டுப்பெட்டியில் (மின்விளக்கால் சூடேற்றும் மூடிய பெட்டி) 45 டிகிரியில் இடைவெளி விட்டு நிறுத்தி, தினமும் நிறுத்துப் பார்த்து எடுங்கள். வெயிலில் போட்டு அவசரமாக உலர்த்தினால் ஒரு முகம் மட்டும் காய்ந்து தகடு தொட்டி போல் வளைந்துவிடும்.

இரண்டு லிம்புக்கும் ஒத்த தகடுகளைச் சேர்க்க ஒரு எளிய வழி: ஒவ்வொரு தகட்டின் ரைசர் பக்கத் தலைப்பை மேசை விளிம்பில் ஒரே இடத்தில் கிளாம்பில் பிடித்து, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொங்குகிறது என்று ஸ்கேலில் குறித்துக்கொள்ளுங்கள். நெருங்கிய எண்கள் ஜோடி. இதைச் செய்தால் பின்னால் இரண்டு லிம்பையும் சமன்படுத்த அரம் பிடிக்கும் நேரம் பெருமளவு குறையும்.

ரைசருக்கு வேங்கை, ஈட்டி, நன்கு உலர்ந்த சீமைக் கருவேலம் எதுவும் சரி. சீமைக் கருவேலத்தில் நெஞ்சுப் பகுதியை (தண்டின் நட்டநடுவை) விட்டு வைரத்தில் மட்டும் கட்டை எடுங்கள், நெஞ்சு இருந்தால் வெடிக்கும். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை ஒட்டுவதற்குச் சற்று முன் தேய்த்து அசிட்டோனில் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். கைப்பிடியின் ஒடுங்கிய இடத்தில் குறுக்கே ஓடும் வெடிப்பு இருந்தால் அந்தக் கட்டை விறகுக்கு.

அடுக்கிப் பார்ப்பது

பசை இல்லாமல் ஒரு முறை முழு அழுத்தத்தில் அடுக்கிப் பார்க்காமல் ஒட்டாதீர்கள். பழுது அதிகம் பிறப்பது ரைசர் மெலிந்து முடியும் இடத்தில்தான். அங்கே ரைசர் மரம் 0.2 மி.மீ. அளவுக்கு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு, மெலிந்திருக்க வேண்டும். முனை தடிப்பாக நின்றால் அதன் முன்னால் ஒரு முக்கோணக் காலியிடம் உருவாகும், பசை நிரம்பினாலும் அது பலவீனமான இடம்.

ரைசருக்கும் தகட்டுக்கும் நடுவே கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் வைத்து, ஹோஸில் (அச்சின் இரண்டு பாதிக்கு நடுவே அடுக்கை அழுத்தும் காற்றுக் குழாய்) காற்றை ஏற்றி, இறக்கிப் பாருங்கள். நன்றாகப் படிந்த இடமெல்லாம் கறுப்பு விழுந்திருக்கும். வெள்ளையாக நிற்கும் இடம் படியாத இடம். ரைசரின் வளைவில் கறுப்பு விழுந்த மேட்டைத்தான் தேய்க்க வேண்டும், வெள்ளையை அல்ல. மூன்று நான்கு முறை செய்தால் வெள்ளை மறையும். தாள் இரண்டும் எடுத்த பின் ஓரத்தில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையாமல் இருந்தால் போதும்.

காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ. வரை போதும். அது சின்ன எண்ணாகத் தோன்றும். 4 செ.மீ. அகலம், 1.7 மீட்டர் நீளம் கொண்ட பரப்பில் அது சுமார் 2.9 டன் விசை. அச்சின் இரண்டு பாதியையும் பிணைக்கும் போல்ட்டும் பிளேட்டும் அதைத் தாங்க வேண்டும். காற்று ஏற்றும்போது அச்சின் நேரே முகம் நீட்டி நிற்கக் கூடாது. ஹோஸ் இல்லாதவர்கள் லாரி டியூபை 25 மி.மீ. பட்டையாக வெட்டி நெருக்கமாகச் சுற்றலாம்.

பசையும் வேலூர் வெயிலும்

எபாக்சி வேண்டும், மெதுவாக இறுகும் வகை வேண்டும். ஐந்து நிமிட எபாக்சியும் வெள்ளை மரப்பசையும் இங்கே உதவாது. கடைகளில் கிடைக்கும் அரால்டைட் ஏ.டபிள்யூ. 106, எச்.வி. 953 ஜோடியை எடுத்தால் எடையில் 100-க்கு 80, அளவில் சமபங்கு. கண் மதிப்பில் பிழியாமல் தராசில் நிறுங்கள். ஒரு வில்லுக்கு மொத்தம் 200 கிராம் கலந்தால் தாராளம்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலந்த பசை பாத்திரத்தில் தாங்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். கத்திரி வெயிலில் மதியம் 40 டிகிரியில் கலந்தால், கடைசித் தகட்டுக்கு வருவதற்குள் முதல் தகட்டில் பூசியது திரிய ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கலந்ததைக் கிண்ணத்தில் குவித்து வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள், குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். சூட்டில் இன்னொரு தொல்லை, பசை நீர்த்து, அழுத்தத்தில் எல்லாம் வெளியே வழிந்து ஒட்டு வறண்டுபோவது. இரண்டு முகத்திலும் பூசி, நார் குடித்துவிட்ட இடத்தில் மறுபடி பூசி, அழுத்தத்தைப் பத்து நிமிடத்தில் படிப்படியாக ஏற்றினால் இது வராது. மழைக் காலத்தில் திறந்து வைத்த பூச்சின்மேல் ஈரம் சேர்ந்து பிசுபிசுப்பான படலம் கட்டும், பூசியதும் மூடிவிட வேண்டும்.

சூட்டுப்பெட்டியில் 60 டிகிரி, 4 மணி நேரம். பெட்டிக் காற்றின் சூட்டை அளக்காமல், வெப்பமானியின் முனையை அடுக்கின் ஓரத்தில் செருகி அளக்கவும். கனமான பிளைவுட் அச்சு சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், 4 மணி நேரத்தை அதற்குப் பிறகு எண்ணுங்கள். விளக்கை அணைத்துவிட்டு பெட்டிக்குள்ளேயே ஆறவிடுங்கள், அதுவரை காற்றை இறக்கக் கூடாது. சூடு போதாத ஒட்டு குளிர்காலத்தில் நன்றாகவே இருக்கும். மே மாதம் கோட்டை மைதானத்தில் நிறுத்திய காருக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தால் இளகிப் பிரியும். நன்றாக வெந்த வில்லையும் மூடிய காரில் விடாதீர்கள்.

ஒட்டிய பின் தெரியும் பழுதுகள்

அச்சிலிருந்து எடுத்ததும் விளிம்பைச் சீவுவதற்கு முன் ஒரு ரூபாய் நாணயத்தால் லிம்ப் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்கும், உள்ளே காலியாக இருந்தால் 'டொப்' என்று மங்கும், அந்த இடத்தின் எல்லையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். தெளிந்த ஃபைபர் என்றால் அதே இடம் வெளிறித் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, புதிதாகச் செய்பவர்கள் முதல் சில வில்களுக்குக் கறுப்பு ஃபைபரைவிடத் தெளிந்ததை எடுப்பது நல்லது. தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியும்.

விளிம்பில் வந்து திறக்கும் காலியிடத்தை நிரப்பலாம். மயிரிழை அளவு என்றால் தண்ணீர் போன்ற மெல்லிய சூப்பர் பசை தானாகவே உறிஞ்சப்படும். அதைவிட அகலம் என்றால் சூப்பர் பசை வேண்டாம், நொறுங்கும். எபாக்சிதான். ஹேர் டிரையரால் அந்த இடத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஏற்றுங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். உடனே வாயில் எபாக்சியைத் தாராளமாக வைத்து, ஆறவிடுங்கள். உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி சூடு, மறுபடி பசை. மூன்றாவது முறை பசை இறங்காமல் நின்றால் நிரம்பிவிட்டது. இரு முகத்திலும் மெழுகுத் தாள் வைத்து, மட்டமான கட்டை கொடுத்து கிளாம்ப் போட்டு, சூட்டுப்பெட்டியில் வைக்கவும்.

விளிம்புக்கு வராமல் உள்ளேயே மூடிக் கிடக்கும் குமிழ் 5 மி.மீ.க்குள், நுனிப் பக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைத் திருத்த ஃபைபரில் துளை போட்டால் குமிழைவிடப் பெரிய பழுதை நாமே செய்கிறோம். அதே குமிழ் வயிற்றுப் பட்டைக்கு அடியில், சுமை மிகுந்த பகுதியில், 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் வில்லை ஒதுக்க வேண்டியதுதான். அடியில் முட்டில்லாத பட்டை நசுங்கும்போது புடைத்துக் கிளம்பும்.

விளிம்பில் அரம் போடும்போது எப்போதும் ஃபைபர் முகத்திலிருந்து நடு மரத்தை நோக்கித் தள்ளுங்கள். மரத்திலிருந்து வெளியே தள்ளினால் இழையைக் கிளப்பிவிடும். சிலாம்பு எழுந்தால் பிய்க்காதீர்கள். மெல்லிய சூப்பர் பசை விட்டு, மெழுகுத் தாள்மேல் அழுத்திப் பிடித்து, காய்ந்ததும் விளிம்பை 2 மி.மீ. உருட்டுங்கள். முதுகில் எழுந்த சிலாம்பு 3 செ.மீ.க்கு மேல் என்றால் அதன்மேல் நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி எபாக்சியில் ஊறவைக்க வேண்டும்.

நாண் ஏற்றியதும் லிம்ப் முறுக்கித் தெரிந்தால், நுனியிலும் நடுவிலும் ஒரே அளவுள்ள இரண்டு நேர்க்குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கண்ணை ஒட்டிப் பாருங்கள். எந்த விளிம்பு குறைவாக வளைகிறதோ அதுதான் வலுவான விளிம்பு. அந்தப் பக்கத்தில் மட்டும், நீளமான இழுப்பாக, ஐந்தாறு முறை அரம் போட்டு, நாணை ஏற்றி இறக்கி, மறுபடி பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்துப் பள்ளம் பறிக்காதீர்கள்.

வயிற்றில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை. இழை நசுங்கி முறிந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. பசை, நூல், தோல் உறை எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அந்த வில்லை நாண் ஏற்ற முடியாதபடி நுனியை அறுத்து வையுங்கள், தெரியாமல் வேறொருவர் இழுத்துவிடக் கூடாது.

தூசி பற்றி ஒரு சொல். ஃபைபரைத் தேய்க்கும்போது என்-95 முகமூடி, முழுக்கை, கண்ணாடி. முடிந்தவரை தண்ணீர் விட்டுத் தேய்க்கவும். கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதாதீர்கள், அந்த அறையில் மின்விசிறியும் வேண்டாம். உடம்பில் பட்டால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். எபாக்சிக்கு நைட்ரில் கையுறை.

பழுது திருத்திய வில்லைக் கையில் பிடித்து முதலில் இழுக்கக் கூடாது. சுவரில் பொருத்திய இழுப்புச் சட்டத்தில் ரைசரை உட்காரவைத்து, நாணில் கொக்கி மாட்டி, கப்பி வழியாகக் கயிறு விட்டு, 3 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று இழுங்கள். 15 அங்குலத்தில் இருபது முறை, 20-இல் இருபது, 24-இல் இருபது, பிறகு 28-இல் ஐம்பது. 28-ஐத் தாண்டி ஒரு அங்குலம் சோதனைக்காக மட்டும், ஒரே முறை. நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் நிறுத்தி, நாணை இறக்கி, நாணயத்தையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு லிம்பை மறுபடி முழுக்கத் தட்டிப் பாருங்கள். முன்பு மார்க்கரால் குறித்த எல்லைக்கு வெளியே 'டொப்' கேட்டால் பழுது வளர்ந்திருக்கிறது, அதை இனி வில்லாகக் கணக்கில் வைக்க வேண்டாம். எல்லை அப்படியே நின்றால் குறியை அழித்துவிட்டு, விளிம்பை 400 எண் உப்புத்தாளில் முடித்து, மேற்பூச்சுப் போடலாம். கைப்பிடிக்கு ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கடைகளில் கிடைக்கும் 1.2 மி.மீ. தோல் துண்டு ஒன்று போதும்.